உப்பில்லாத பயத்தங்கஞ்சி

நெஞ்சு படபடக்கும்போது இன்றும் நான் வைப்பது பயத்தங்கஞ்சிதான். அதை முதன்முதலில் தனியாக வைத்த காலையில் என் நிலம் போகவிருந்தது.

குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. பல வருஷமாக நான் உழுத, பண்ணையாரின் ஆறு மா நிலத்துக்கு மனு போட்டேன். "அவன் வெறும் கூலியாள், நாங்களே பயிர் வைக்கிறோம்" என்று பண்ணையார் மகன் எதிர்மனு போட்டார். அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போன நிமிஷமே என் வயிறு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மூன்று நாள் வெறும் காப்பி. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் பாபநாசம் போயிருந்தாள். வீட்டில் நானும் என் பயமும்தான். அதுதான் என்னைவிடப் பெரிய ஆள்.

விசாரணையன்று காலையில் தலை சுற்றியது. மயங்கி விழுந்தால் உழுகிறவன் என்று யார் நம்புவார்கள்? ஒரு கை வறுத்த பச்சைப்பயறு, இரண்டு கை நொய்யரிசி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு துண்டு சுக்கு. ஒரே பானையில் குழையவிட்டால் போதும். மூளை நின்றுபோனவனும் வைக்கலாம். நான் அதிலும் உப்பை மறந்தேன்.

அதிகாரி வயலோரத்திலிருந்த என் வீட்டு வாசலில் பண்ணையார் மகனின் காரிலேயே வந்து இறங்கினார். வாசல் அடுப்பில் கஞ்சி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா சாகுபடி பண்றீங்க?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பாத்தீங்களா சார், பேச்சே வரல" என்றார் மகன்.

"அடுப்புல என்னங்க?" என்றார் அதிகாரி.

"கஞ்சிங்க. நீங்களும் ஒரு வாய்…"

நான் நீட்டிய லோட்டாவை வாங்கி ஒரு மிடறு குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "உப்பு எங்கங்க?"

"பதட்டத்துல மறந்துட்டேங்க."

"பயறு நல்லாருக்கு. கடையில வாங்குனதா?"

"இல்லீங்க, இந்த வயல்லதான். சம்பா அறுக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஈரத்துலயே விசிறிவிட்டது."

அவர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "சம்பா அறுத்தப்புறம் என்ன போட்டீங்க தம்பி?"

"என்ன சார் போடறது? ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் தரிசுதான்."

எங்கள் பக்கத்தில் நெல்லில்தான் பண்ணைக்குப் பங்கு. பயறு உழுதவனுக்கு. பங்கில்லாத விளைச்சலைப் பார்க்கப் பண்ணை வீட்டிலிருந்து யாரும் வயலுக்கு வந்ததில்லை.

அதிகாரி வேலியோரம் நான் மாட்டுக்குக் குவித்திருந்த பயத்தங்கொடிப் போரைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"சார், அது ஆளுங்க யாராவது விசிறியிருப்பாங்க…"

"எந்த ஆளுன்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன்."

எழுதியதை வாசித்துக் காட்டினார். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. திரும்பும்போது அவர் காரில் ஏறவில்லை, பஸ்ஸுக்கு நடந்தார்.

மிச்சக் கஞ்சியை உட்கார்ந்த இடத்திலேயே குடித்தேன். உப்பு ஜாடி நாலடி தள்ளித்தான் இருந்தது. எழுந்து போய் எடுக்கத் தோன்றவில்லை.