கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்

அத்தை வீட்டுக் கொல்லைச் சுவரின் உச்சியில் கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மினுங்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வரும். சோடா பாட்டில்களை உடைத்து ஈரச் சிமெண்டில் நட்டுவைத்தவன் அத்தையின் மகன்தான். திருடனுக்குப் பயந்து அல்ல, பக்கத்து வீட்டு அம்மாவுக்காக.

முன்பு அங்கே இடுப்பளவுச் சுவர்தான் இருந்தது. பக்கத்து வீட்டு முருங்கை இந்தப் பக்கம் சாய்ந்து இலையும் பூவுமாகக் கொட்டும். அத்தை ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி டீச்சர். காலை ஜெபம் முடிந்த கையோடு குப்பையைக் கூட்டி, முறத்தில் அள்ளி, சுவருக்கு அந்தப் பக்கமே வீசிவிடுவாள். அதற்கென்றே காத்திருந்ததுபோல அந்த அம்மாள் வருவாள். வீசியது திரும்பி வரும். பிறகு சண்டை. முருங்கையில் தொடங்கி, சாக்கடைத் தண்ணீர், சொந்தக்காரர்கள், ஆண்டவர், மாரியம்மன் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். இருவருமே கணவனை இழந்தவர்கள், இருவருக்கும் வேறு பேச்சுத்துணை கிடையாது. எப்போதாவது போகிற எனக்கு இது தெரிந்தது. கூடவே இருந்த மகனுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அத்தை சண்டைக்கு வரவில்லை. “என்ன டீச்சர், இன்னிக்கு வாய்க்கு லீவா?” என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். பதில் இல்லாமல் எட்டிப் பார்த்தால், அத்தை குழாயடியில் மயங்கிக் கிடந்தாள். அந்த வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்து, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள்தான். அத்தை தேறி வந்ததும் சண்டையும் பழையபடி நடந்தது.

பிறகு மகன் வீட்டை இடித்துக் கட்டினான். சண்டையால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறுகிறதாம். கொல்லைச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பினான். வாசலில் பூட்டிய கிரில் கேட். “அம்மாவுக்கு இனிமே ஒரு தொந்தரவும் இல்ல” என்று என்னிடம் பெருமையடித்தான். மடையன். அத்தையோ துடைப்பத்தோடு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். “பேசிப் பேசியே இருந்த வாய்டா, இப்ப கொட்டாவி விடத்தான் தொறக்குது” என்றாள்.

அடுத்த முறை அவள் விழுந்ததும் கொல்லையில்தான். காலையில் விழுந்தவளை, கடையைப் பூட்டிவிட்டு இருட்டிய பிறகு வந்த மகன்தான் பார்த்தான். உயிர் இல்லை.

சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் தெருவைச் சுற்றிக்கொண்டு மாலையோடு வந்தாள். அழவில்லை. மகனைப் பார்த்து, “காலையில பூரா கொல்லையிலதான் துணி தோச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி. பழைய சுவரா இருந்தா பாத்திருப்பேன்” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

போன மாதம் அங்கே தங்கியிருந்தேன். காலையில் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலாக ஒரு முறம் முருங்கைக் குப்பை பறந்து வந்தது. பாதி கீழே விழுந்தது, பாதி கண்ணாடிச் சில்லுகளில் சிக்கிக்கொண்டது.

“பாத்தீங்களா மச்சான்? அம்மா போனதுலேர்ந்து தினம் இதே வேலை. இன்னும் ரெண்டடி ஏத்தணும்” என்றான்.

வாயை மூடு என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் போகவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தாள்.