விரலை எடுக்காத அக்கா

அழைப்புமணியை அமுக்கினால் அக்கா விரலை எடுக்க மாட்டார். உள்ளேயிருந்து "வர்றேன்" என்று ஒரு குரல் வர வேண்டும். "கதவைத் திறக்கறதுக்குள்ள மணியோட உயிரை எடுத்துடுவா" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். "அடிச்சா போதுமா? கேட்டாங்களான்னு தெரிய வேணாமா?" என்பார் அக்கா. அலுவலகத்தில் அவருக்கு 'அலாரம் அக்கா' என்றே பெயர்.

தொழில் அப்படி. மருத்துவமனைக் கட்டில்களில் தொங்கும் அழைப்புப் பொத்தான்களுக்கு நிரல் எழுதுகிறார். மேசையில் சீப்புக்கும் பாதி கடித்த பிஸ்கட்டுக்கும் நடுவே, வயரோடு ஒரு பொத்தான் கிடக்கும். நிரலில் வரும் ஈவென்ட், டெலிகேட் என்ற சொற்களைக் கேட்டதும் விழிக்கிற புதியவர்களுக்கு அதைத்தான் தூக்கிக் காட்டுவார். "அமுக்கினது ஈவென்ட். அதுக்கு நர்ஸையும் தெரியாது, டாக்டரையும் தெரியாது. சும்மா கூவும். கூவினதும் யாருகிட்ட போய் என்ன செய்யணும்னு பொறுப்பைத் தூக்கிட்டு ஓடுறது டெலிகேட். கூட்டல் குறி போட்டு அதைச் சேர்த்தா ஆளு வரும். கழித்தல் குறி போட்டா அந்த ஆளுக்குக் காது செவிடு."

ஒரு நாள் மேலாளர் வந்து நின்றார். "பொது வார்டு மணி தன் போனுக்கு வர வேணாம்ங்கறாரு டாக்டர். தனி அறைக்காரங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓயாம அடிக்குதாம், அவங்க கோவிச்சுக்கறாங்களாம். ஒரு குறிதானேம்மா? மாத்திடு."

"அந்த வார்டுக்கே ஒரு நர்ஸ்தான் சார். அவங்க வேற கட்டில்ல இருந்தா?"

"வேளை வந்துட்டா யாரு தடுக்க முடியும்?"

"அது வேளை இல்ல சார். நான் போட்ட கழித்தல் குறி."

பணம் உள்ளவனுக்கு மருத்துவர், இல்லாதவனுக்கு விதி! இந்தப் பங்கீட்டை நிரலுக்குள் ஒளித்துவிட்டால் பழியைக் கணினி சுமக்கும்; எழுதிய கை தெரியாது. அக்காவுக்குத் தன் கை தெரிந்தது.

மேற்கொண்டு வாதாடவில்லை. சோதனைக்கென்று இருந்த நிரல் பிரதியில் மேலாளரின் போனையே டாக்டர் போனாகப் பதிந்தார். கேட்டபடியே கழித்தல் குறியும் போட்டார். பொத்தானை மேலாளர் கையில் திணித்தார்.

"படுத்திருக்கீங்க. மூச்சு முட்டுது. நர்ஸ் அந்தக் கோடியில. அமுக்குங்க."

அமுக்கினார். போன் வாயைத் திறக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். திரையை எட்டிப் பார்த்தார். "தப்புன்னு ஒண்ணும் காட்டலையே?"

"காட்டாது சார். எல்லாம் நல்லபடியா நடந்ததாத்தான் இருக்கும்."

மேலாளர் பொத்தானை மெதுவாகக் கீழே வைத்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "விடும்மா. டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். இருந்தபடியே இருக்கட்டும்."

அவர் நடைகூடத்தில் பாதி தூரம் போவதற்குள் அக்கா குறியைக் கூட்டலாக மாற்றிப் பொத்தானை அமுக்கினார். தூரத்தில் அவர் சட்டைப்பைக்குள் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"கேட்டுதும்மா, கேட்டுது!" என்று மேலாளர் கத்தினார்.

அக்கா விரலை எடுத்தார்.