எஸ்ட்டர்கோம் வெந்நீரில் முழுகியவள்

புலம்பெயர்ந்து கிரவீனில் இருக்கிற சிவனேஸ்வரிக்கும் அவளுக்கு நேரே மூத்த அண்ணன் இரத்தினசிங்கத்துக்கும் நெடுநாள் பகை. வன்னிச் சண்டையின் கடைசி மாதத்தில் தாய் ஷெல் பட்டுச் செத்தாள். ஒரே ஆண்பிள்ளையான அவன் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியைச் செய்யவில்லை. கண்ட கண்ட சனத்திடமெல்லாம் அவள் அதைச் சொல்லித் திட்டினாள். தங்கள் மகளின் கலியாணம் வருமுன் அந்த வாயை அடைக்கத்தான் அவன் மனைவி வைதேகி இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஐரோப்பாவுக்கு இவளையும் கூட்டிப் போனாள்.

ஹங்கேரியில் தன்யூப் ஆற்றங்கரையில் எஸ்ட்டர்கோம் என்றொரு சின்ன ஊர். மேட்டிலே பழைய ராசாக்களின் கோட்டை, பாலத்துக்கு அங்கால் வேறு நாடு. சிவனேஸ்வரி ஒன்றையும் மெச்சவில்லை. நிலத்துக்கு அடியிலிருந்து சுடச்சுட வருகிற தண்ணீரைக் கண்டதும்தான் நின்றாள். திருகோணமலைக் கன்னியாவிலும் இதே தண்ணீர்தான். தகப்பனின் அந்தியேட்டி நடந்தது அங்கேதான்.

இரத்தினசிங்கம் வண்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு குளிப்புத் தடாகத்துத் தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தான்.

"அண்ணை, அம்மாவை நினைச்சு மூண்டுதரம் முழுகுங்கோ. எனக்கு அது காணும்."

"விசரோ உனக்கு? சனம் பாக்குது."

"சனம் உங்கட வண்டியையும்தான் பாக்குது."

வைதேகி குறுக்கே வந்தாள். "ஹொலிடேக்கு வந்த இடத்தில செத்தவீடு நடத்துறியளோ மச்சாள்?"

"நான் உம்மோட கதைக்கேல்லை."

"அம்மா செத்ததை ஆர் கண்டது?" என்றான் அவன்.

"கிடங்கு வெட்டி அம்மாவைத் தாட்ட பக்கத்துவீட்டு வரதராஜன் கண்டவன். உங்களுக்கு ஃபோன் எடுத்தும் சொன்னவன். வேலையில நிக்கிறன் எண்டு வைச்சனீங்கள்!"

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மறுகரைக்கு நீந்திப் போனான்.

அவளே இறங்கினாள். "அம்மா" என்று கத்திக் கத்தி மூன்றுதரம் முழுகினாள். காவலுக்கு நின்ற வெள்ளைக்காரி, கிழவி தாழுகிறாள் என்று பயந்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். மச்சாளும் அண்ணனும் தெரியாத ஆட்கள் போல எங்கேயோ பார்த்தார்கள்.

அடுத்த வைகாசியில் அவளுடைய கிரவீன் வீட்டில் தாயின் துவசம். மகள் செய்வதோ என்று முணுமுணுத்த ஐயரைச் சம்மதிக்கப் பண்ணி, தானே விரலில் தர்ப்பை போட்டுக் கிரியைக்கு இருந்தாள். இரத்தினசிங்கம் அழையாமலே வந்தான், மேலில் போட்டிருந்த சேட்டைக் கழற்றினான்.

"எழும்பு பிள்ளை, நான் இருக்கிறன்."

ஐயர் இருவரையும் பார்த்தார். சிவனேஸ்வரி அசையவில்லை.

"அங்கால கதிரை போட்டிருக்கு. வந்த ஆக்களெல்லாம் அதிலதான் இருக்கினம்," என்றாள். "நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா."