மிஸ் ஏழுமலை

போன வாரம் ஏர்போர்ட்டில் ஒரு பெண் என்னிடம், “சார், என் பேரு செல்வி சார்” என்றாள். “தெரியும்மா” என்றேன்.

தெரியவில்லை. அதுதான் இந்த வாரக் கதை.

அடையாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரை ஐந்து நாள் சிங்கப்பூர் அழைத்துப் போக ஒரு டிரஸ்ட் முன்வந்தது. அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. துணைக்கு இரண்டு டீச்சர்கள், ஒரு பி.டி. மாஸ்டர். மாஸ்டர் இரண்டு மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கையில் பாஸ்போர்ட்டோடு சும்மா இருக்கிற ஆள் யார் என்று தேடினார்கள். தலைமை ஆசிரியை இந்தப் பத்தியைப் படிக்கிறவர். வேறென்ன... அகப்பட்டேன்.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகாது. எட்டாவதோடு நின்றவன் நான். ‘நின்றவன்’ என்பது மரியாதையான வார்த்தை. சைதாப்பேட்டையில் ரயிலேறி ஓடிப்போனவன். அப்புறம் எங்கெங்கோ சுற்றி, சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மூன்று வருஷம். ஒரே அறையில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் என் பக்கம் இல்லை.

அந்த அனுபவத்தை நம்பி, டிக்கெட் போடப் பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் அடிக்கும் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டே வரவில்லை. அதற்குள் ஏஜென்ட் பட்டியல் கேட்டு அவசரப்படுத்தினார். பள்ளி ஆபீஸில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாப் பெயருக்கும் முன்னால் செல்வன், செல்வி. வகுப்பில் ‘டேய்’, ‘ஏய்’ என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பட்டியலில் மட்டும் என்ன ஒரு மரியாதை!

செல்வன் என்று இருந்த இடத்தில் ‘மாஸ்டர்’ போட்டேன். செல்வி என்று இருந்த இடத்தில் ‘மிஸ்’. செல்வி பிரியா முருகன் — மிஸ் பிரியா முருகன். செல்வி ஏழுமலை — மிஸ் ஏழுமலை.

பெண் பிள்ளைக்கு ஏழுமலை என்று பெயரா? ஒரு நிமிஷம் யோசித்தேன். எந்தச் சாமிக்கு என்ன வேண்டுதலோ... அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

புறப்படுகிற நாள், காலை ஏழு மணி. ஏர்போர்ட் வாசலில் பதினாறு குடும்பங்கள். சாதம் கட்டிக்கொண்டு வந்தவர்கள், திருநீறு பூசிவிடுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார். செல்வியின் அப்பா. மீன்பிடிக்கிறவர். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. சலவைச் சட்டையில் மடிப்பு கலையாமல் நின்றார்.

“பத்ரமா கூட்டினு போய் கூட்டினு வந்துரு சார்” என்றார். “நானும் முப்பது வருசமா கடலுக்குப் போய்க்கினு கீறேன். எம்மா தூரம் போனாலும் திரும்பி நம்ம கரைக்குத்தான் வரணும். இவதான் அந்தாண்ட கரைய பாக்கப் போவுது.”

“நீங்க வீட்டுக்குக் கிளம்புங்கண்ணே” என்றேன்.

“பிளேன் ஏறட்டும் சார். வெயில் இன்னா பண்ணிரும்?”

உள்ளே கவுன்ட்டரில் பதினைந்து பிள்ளைகளுக்குப் போர்டிங் பாஸ் வந்தது. பதினாறாவதில் நின்றது.

“சார், டிக்கெட்ல ஏழுமலைன்னு மட்டும்தான் இருக்கு. பாஸ்போர்ட்ல செல்வி ஏழுமலை” என்றார் கவுன்ட்டர் பையன். நம்ம ஊர்க்காரர்தான்.

“செல்வின்னா மிஸ்தானே தம்பி? அதான் மிஸ்னு போட்டிருக்கே” என்றேன், உலகம் சுற்றியவன் தோரணையில்.

அப்போதுதான் அவள் சொன்னாள். “சார், என் பேரு செல்வி சார்.”

“தெரியும்மா.”

“இல்ல சார். என் பேரே செல்வி. ஏழுமலை எங்கப்பா.”

எனக்கு விளங்கிவிட்டது. பள்ளி ஆபீஸில் ‘செல்வி செல்வி ஏழுமலை’ என்று எழுதியிருக்க வேண்டும். எதற்கு இரண்டு தடவை என்று யாரோ ஒன்றை விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றை நான் மிஸ் ஆக்கிவிட்டேன். ஆக, டிக்கெட்டில் அந்தப் பெண்ணே இல்லை. அவள் அப்பாதான் இருக்கிறார்!

கவுன்ட்டர் மூட நாற்பது நிமிஷம் இருந்தது. பெயரைத் திருத்த மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். டீச்சர்கள் மற்ற பிள்ளைகளோடு உள்ளே போனார்கள். நானும் செல்வியும் ஓரமாக நின்றோம். இவள் போகாவிட்டால் நானும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வெளியே வெயிலில் நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? ‘உங்க பொண்ணு பேரை நான் தின்னுட்டேன்’ என்றா?

“பயமா இருக்காம்மா?” என்றேன்.

“உங்களுக்குத்தான் சார் பயமா கீது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “வெளியதான நிக்குது, எங்கப்பாவ கூப்ட்லாமா சார்? டிக்கெட்டு அவர் பேர்லதான கீது. அவரே போய்ட்டு வரட்டும்.”

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்திருந்தது.

மேலதிகாரி அம்மா வந்தார். தமிழ் தெரியாதவர். நான் கப்பல் பட்டறை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பெயர் செல்வி. சரி. செல்வி என்றால் என்ன? மிஸ். அப்படியானால் இவள் பெயர் மிஸ்ஸா? ஆமாம். இல்லை. அதாவது... மூன்று சுற்று வந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் அவர் புருவம் கொஞ்சம் மேலே போனது.

காப்பாற்றியது அந்தக் கவுன்ட்டர் பையன்தான். “மேடம், ஒரு பையனுக்கு மிஸ்டர்னே பேர் வெச்சா எப்படி இருக்கும்? அந்த மாதிரி” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “எங்க சித்தி பேரும் செல்விதான் சார். கல்யாணப் பத்திரிகைல ‘செல்வி செல்வி’ன்னு எழுதிக் குடுத்தோம். பிரஸ்ல தப்புன்னு நெனச்சு ஒண்ண அடிச்சிட்டாங்க. பொண்ணு பேரே இல்லாத பத்திரிகை. ஊரெல்லாம் குடுத்தாச்சு.”

மேலதிகாரி அம்மா சிரித்துவிட்டார். போனை எடுத்தார். பதினெட்டு நிமிஷம் பேசினார். பதினெட்டு என்று எப்படித் தெரியும்? வேறென்ன வேலை எனக்கு... கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டிங் பாஸ் வந்தது. செல்வி ஏழுமலை. வாரிலிருந்து விரலை விடுவித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் படித்துப் பார்த்தாள். இனி என்னை நம்பமாட்டாள்.

நமக்கு இனிஷியல் போதும். ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் அப்பா பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டுக் காகிதங்களுக்கு அது போதாது. அவரை முழுசாக வெளியே இழுத்து வைக்கும். பட்டறையில் என்னை யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “முனுசாமி” என்றுதான் ஃபோர்மேன் கத்துவார். எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கண் காணாத ஊரில், பார்க்காத வேலைக்கு, மூன்று வருஷம் திட்டு வாங்கினார் மனிதர்.

விமானத்தில் செல்விக்கு ஜன்னல் சீட். கிளம்பியதும் கீழே கடல். மற்ற பிள்ளைகள் மேகத்தைப் பார்த்தார்கள். அவள் போட் தெரிகிறதா என்று தேடினாள்.

அங்கே இறங்கும்போது மாலை ஐந்தரை. “சார், என் வாட்ச்ல மூணுதான் ஆகுது. மீதி ரெண்டரை மணி நேரம் எங்க சார்?” என்று ஒருத்தன் கேட்டான். “திரும்பும்போது குடுப்பாங்க” என்றேன். ஏர்போர்ட் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் சத்தமாகப் படித்தார்கள்.

வெளியே சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பேட்ஜ் குத்திவிட்டார்கள். என் பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே அச்சடித்த பேட்ஜ்கள். நான் செல்வியைத் தேடினேன்.

செல்வியின் சட்டையில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் — மிஸ் ஏழுமலை.

“குடும்மா, பின்பக்கம் உன் பேரை எழுதித் தரேன்” என்று பேனாவை எடுத்தேன்.

கையால் பேட்ஜை மூடிக்கொண்டாள். “வேணாம் சார். இருக்கட்டும்.”

என் போனில் வீடியோ கால் போட்டாள். ஏழுமலை எடுத்தார். அதே சலவைச் சட்டை. பின்னால் மணலில் போட்கள். மகள் முகத்தை விட்டுவிட்டு அவர் பேட்ஜையே பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆனால் தன் பெயரின் வடிவம் யாருக்குத்தான் தெரியாது?

“இன்னாம்மா, எம் பேரப் போட்டுக்கினு கீற?”

“நீயும் வந்துக்கீற நைனா” என்றாள். “இதான் அந்தாண்ட கரை. நல்லா பாத்துக்கோ.”

போனைத் தூக்கிப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ஏழுமலை.

பேனாவைப் பையில் போட்டுக்கொண்டேன். திருத்தாமல் விட்டதற்காக நான் சந்தோஷப்படுகிற தப்பு... இதுவரை இது ஒன்றுதான்.