இடக்கைக்குக் கட்டின கொம்பியூட்டர்

என்ர லப்டொப்பைத் திறந்தால் வெறும் கறுப்புத் திரைதான் வரும். ஐகன் இல்லை, கீழ பட்டை இல்லை, அமத்திறதுக்கு மூலையில ஒரு பட்டன்கூட இல்லை. வேணுமெண்டுதான் அப்பிடி வைச்சிருந்தனான். வீட்டுக்கு வாற சனம் எட்டிப் பார்த்திட்டு, "என்ன அன்ரி, உங்கட கொம்பியூட்டர் செத்துப்போச்சோ?" எண்டு கேக்கும். "ஓம், எட்டாம் நாள் செலவுக்குச் சொல்லி அனுப்பிறன்" எண்டிட்டு நான் என்ர பாட்டில இருப்பன்.

இஞ்ச கனடாவில, பிறம்ரனில ஒரு வெயாஹவுஸில சாமான் அடுக்கிற வேலை செய்யேக்க அடுக்கு ஒண்டு சரிஞ்சு என்ர வலக்கை மணிக்கட்டை நசுக்கிப்போட்டுது. ஒப்பரேஷன் செய்தும் விரலுகள் சரியா மடங்கிறதில்லை. மவுஸைப் பிடிச்சால் நோவு தோள்மட்டும் ஏறும். பிறகு வீட்டில இருந்து செய்யிற மொழிபெயர்ப்பு வேலை ஒண்டு கிடைச்சுது. பள்ளிக்கூட அறிவித்தல், ஆஸ்பத்திரித் துண்டு, வாடகை வீட்டுக் கடுதாசி, உப்பிடித்தான் வரும். சொன்ன நேரத்துக்குக் குடுக்கவேணும். பிந்தினால் அடுத்த ஆளுக்குப் போயிடும். ஆனால் எனக்கு அது பெரிய வேலை. காலமை எழும்பித் தலை வாரி இழுத்து, மேசையில போய் இருக்கிறதுக்கு எனக்கெண்டு ஒரு காரணம் இருந்தது.

ஒற்றைக் கையால அடிக்கிறதுக்காகத்தான் விண்டோஸை விட்டிட்டு லினக்ஸுக்கு மாறினன். அதில எதையும் எங்கட வசதிக்கு மாத்தி எழுதலாம். பெருவிரலால ஸ்பேஸை அமத்திப் பிடிச்சால், கீபோட்டின்ர வலப்பக்கத்து எழுத்துகள் எல்லாம் இடப்பக்கத்துக்கு வரும், கண்ணாடியில பார்த்தமாதிரி. இடக்கை மட்டும் முழுத் தமிழையும் அடிக்கும். திரையில ஒரு ஜன்னலிலயிருந்து மற்றதுக்கு மாறிறது, எழுத்தைப் பெரிசாக்கிறது, அகராதி திறக்கிறது, எல்லாத்தையும் அந்தக் கைக்கு எட்டிற தூரத்தில கொண்டந்து வைச்சன். சும்மா வந்ததில்லை. ஒரு வரி பிழைச்சால் கொம்பியூட்டரே திறக்காது. லைபிரரிக்குப் போய், அங்கத்தைக் கொம்பியூட்டரில தேடி வாசிச்சுப்போட்டு, பஸ் ஏறி வந்து திருத்துவன். விசர் பிடிச்சு அழுதும் இருக்கிறன். சரிவந்த அண்டைக்குத் தனிய இருந்து சிரிச்சும் இருக்கிறன்.

என்ர மனுசன் இதெல்லாம் நடக்கேக்க பக்கத்துச் சோபாவிலதான். "உதுக்குள்ள என்னத்தைக் கிண்டுறீர்?" எண்டு கேப்பார். நான் சொல்ல வெளிக்கிட முதல் டிவிச் சத்தத்தைக் கூட்டிப்போடுவார்.

ஒரு சனிக்கிழமை, வோபர்னில என்ர சினேகிதியின்ர மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு. நான் தனியப் போனன். இவருக்கு கிரிக்கெட் பார்க்கவேணும், டிவியில அந்தச் சனல் வரேல்லை. என்ர லப்டொப்பைத் திறந்திருக்கிறார். எங்க அமத்திறதெண்டு விளங்கேல்லை. உடன அஜக்ஸில இருக்கிற தம்பிக்குப் போன். இவரின்ர தம்பி ஏதோ கம்பனியில கொம்பியூட்டர் வேலை. எங்கட சொந்தத்துக்குள்ள ஆற்ர போன் பழுதெண்டாலும் காரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். நல்ல பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேணும்.

நான் சீலையோட வந்து கதவைத் திறக்க, அண்ணனும் தம்பியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கினம். மேசையில என்ர லப்டொப். திரை முழுக்க நீல வானமும் மஞ்சள் பூவும்.

"சப்ரைஸ் அண்ணி! பழசெல்லாத்தையும் துடைச்சுப்போட்டு நல்ல விண்டோஸ் போட்டுவிட்டிருக்கிறன். இனி எல்லாரும் பாவிக்கலாம்."

நான் செருப்பும் கழட்டாமல் போய் இருந்தன். இடக்கையை வைச்சு, ஸ்பேஸை அமத்திப் பிடிச்சு ஒரு சொல் அடிச்சன். திரையில வெறும் இடைவெளி ஓடிச்சுது.

"படங்கள், டொக்கியூமென்ட்ஸ் எல்லாம் முதலே எடுத்து வைச்சிட்டன், அண்ணி. ஒண்டும் போகேல்லை."

என்ன போனதெண்டு அவருக்குத் தெரியாது. லினக்ஸில ஆள் தன்ர வசதிக்கு எழுதிவைக்கிறதெல்லாம், பேருக்கு முன்னால ஒரு புள்ளி வைச்ச கோப்புகளில கிடக்கும். புள்ளி வைச்சது சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது, காட்டச் சொல்லிக் கேட்டால்தான் காட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் அந்தப் பிள்ளை பத்திரமா எடுத்து வைச்சுப்போட்டு மிச்சத்தைத் துடைச்சிருக்கு. நான் ஏன் இன்னொரு பிரதி வைக்கேல்லை எண்டு கெட்டித்தனமாக் கேக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன்: என்ர வீட்டில, என்ர மேசையில இருக்கிற சாமானை ஆரும் வந்து துடைப்பினமெண்டு நான் நினைக்கேல்லை.

நான் கத்தினன். கத்தினனான்தான். தம்பி முகம் கறுத்து, தேத்தண்ணியும் குடியாமல் போயிட்டார். அடுத்த நாள் விடியவே சொந்தக்கார அன்ரி ஒராள் போனில. "உதவி செய்ய வந்த பெடியனை இப்பிடியே பேசிறது? ஒரு கொம்பியூட்டருக்காகவே?" ஓம் அன்ரி, ஓம், ஒரு கொம்பியூட்டருக்காகத்தான்.

திங்கக்கிழமை குடுக்கவேண்டிய வேலையை ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சு, செவ்வாய் பின்னேரம்தான் அனுப்பினன். அதுக்கடுத்ததும் பிந்திச்சுது. பிறகு மொழிபெயர்ப்பு வேலை தாற ஏஜென்சியிட்டயிருந்து மரியாதையான ஒரு ஈமெயில். அதோட வேலை வாறது நிண்டுபோச்சுது. மனுசன் வாசிச்சுப்போட்டு, "வலக்கையாலயும் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுப் பழகும், டொக்டரும் எக்ஸசைஸ் செய்யச் சொன்னவர்தானே" எண்டார். நான் லப்டொப்பைப் படாரெண்டு மூடினன். அவர் கோவமாச் சொல்லேல்லை, நல்லதுக்கெண்டுதான் சொன்னவர். அதாலதான் எனக்குக் கோவம் கூடினது.

கொஞ்ச நாள் கழிச்சுத் தம்பி போன் எடுத்தார். நான் கறி கிண்டிக்கொண்டு நிண்டதால ஸ்பீக்கரில போட்டன். இவர் மேசையில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட கைக்காகச் செய்து வைச்சிருந்ததெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது." அழுவார் போல இருந்தது குரல். "துடைக்க முதல் நான் அண்ணையிட்டக் கேட்டனான். உதில அண்ணிக்கு முக்கியமா ஏதும் இருக்கோ எண்டு, ரெண்டு தரம் கேட்டனான். ஒண்டுமில்லை, அவ சும்மா பொழுதுபோக்குக்குக் கிண்டிறவ எண்டு அண்ணைதான் சொன்னவர்."

நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பி இவரைப் பார்த்தன். பயப்பிடுவார், இல்லாட்டி மழுப்புவார் எண்டு நினைச்சன். அவர் நிமிந்து என்னைப் பார்த்தார். முகத்தில ஒரு கள்ளமும் இல்லை.

"ஓம்," எண்டார். "ஏன், வேற என்ன செய்தனீர் உதில?"