நடுங்கிய கை

வெற்றிலையின் மேல் எரிந்த அந்தக் கற்பூரக் கட்டி இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. தேக்கா மாட்டுக் கொட்டகை வாசலில் அதன் முன்னால் என் அண்ணன் நின்றிருந்தான். முதலாளியின் கறவைப் பசு வாயில் நுரை தள்ளிச் செத்துவிட்டது. தீனி வைத்தவன் அண்ணன். ஆகவே விஷம் வைத்தவனும் அவன்தான் என்றார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சொன்னது சத்தியம். கப்பலேறிப் பிழைக்க வந்த எங்கள் ஆட்களுக்கு அதுதான் கோர்ட்டு. "நீ வைக்கலன்னா அணைச்சுக் காட்டுடா" என்றார் முதலாளி.

அண்ணனின் உடம்பு வேறு மாதிரி. சந்தோஷமோ பயமோ எதுவானாலும் முதலில் கைக்குத்தான் வரும். ஊர்க் கப்பல் வருகிறது என்று கேட்டாலே கை நடுங்கும், முகம் வியர்த்துக் கொட்டும். தைப்பூசத்தில் காவடி மேளம் நெருங்கினால் டோபி காட் சாலை ஓரத்தில் நின்றபடியே வெடவெடவென்று ஆடுவான். "சாமி வந்துடுச்சு" என்று பெரியவர்கள் காலில் விழுவார்கள். முதலாளியே விழுந்து அவன் கையால் திருநீறு வாங்கியிருக்கிறார். "சாமியெல்லாம் இல்லங்க, என் உடம்பே இப்படித்தான்" என்று அவன் கெஞ்சுவான். யார் கேட்டார்கள்?

அந்தத் தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆட்கள்தான் கற்பூரத்தைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் கையை ஓங்கினான். கை நடுங்கி, சுடரில் படாமல் பக்கத்துத் தரையில் அடித்தது. "நெஞ்சுல குத்தம் இருந்தா கை எப்படிப் போகும்?" என்றார் ஒருவர். திருநீற்றுக்குக் குனிந்த தலைகள் எல்லாம் ஆமாம் போட்டன. இன்னொரு தடவை அடிக்கிறேன் என்றான், விடவில்லை. இன்று என் பேரனுக்கும் அதே கைதான். நரம்புக் கோளாறு என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அண்ணனைத் தேக்காவில் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஜொகூர் ரப்பர் தோட்டத்துக்குப் போனவன் அங்கேயே காய்ச்சலில் செத்தான். எரித்துவிட்டோம் என்ற செய்திதான் எங்களுக்கு வந்தது.

அதற்குப் பிறகு முதலாளியின் மற்றப் பசுக்களும் அதேபோல் நுரை தள்ளிச் சாய்ந்தன. தொற்று நோய் என்றார் மாட்டு வைத்தியர். ஒருநாள் முதலாளி எங்கள் வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நோய்தான்னே வச்சுக்குவோம். அப்புறம் உன் மகன் ஏன் நடுங்கினான்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "கால்ல விழுந்தவங்க எல்லாம் ஒண்ணா நின்னு திருடனப் பாக்குற மாதிரி பாத்தீங்களே, அதுக்குத்தாங்க நடுங்கினான்" என்றாள்.