கதவு சாத்தாத வான்

பரீட்சைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக வாகனம் ஒழுங்கு செய்கிற வேலை இப்போதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் என் தலையில்தான் விழுகிறது. வலயக் கல்விக் கந்தோருக்குப் போன் எடுத்தால், எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதற்கு முன்பு வானின் நிறத்தைக் கேட்பேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். "என்ன சேர், கலியாணத்துக்கோ பிடிக்கிறியள்?" நானும் சிரித்துவிட்டு வைப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சண்டை முடிந்து, முகாமிலிருந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி, தறப்பாளும் தகரமுமாகக் கொட்டில் போட்டிருந்தோம். வலயம் எங்களை நன்றாகத்தான் கவனித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, கதிரைகள் வந்தன, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பருப்பு வந்தது, சனிக்கிழமைகளில் புலமைப்பரிசில் வகுப்பும் வந்தது. படிப்பிக்கத்தான் ஒருவருக்கு மேல் வரவில்லை. அந்த ஒரு ரீச்சர் முருங்கனிலிருந்து பஸ் ஏறி வந்து, எல்லா வகுப்பையும் ஒரே மண்டபத்தில் வைத்து மேய்த்தா.

அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவர்கள். அண்ணாதான் கொஞ்சம் படித்தவர். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அவர் ஒரு வெள்ளை வானில் ஏறிப் போனார், பிறகு வரவில்லை. எங்கே என்று நான் அழுதபோது, "படிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கினம் ராசா" என்று பெரியம்மா சொன்னா. அம்மா எழும்பி வெளியே போனா. நான் அதை அப்படியே நம்பினேன். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று ரீச்சர் சொன்னபோது, அண்ணா இருக்கிற இடமும் அதுதானாக்கும் என்று என் பாட்டில் முடிவும் கட்டிக்கொண்டேன். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய பரீட்சை. தவறினால் தவறினதுதான்.

பரீட்சை நிலையம் முருங்கனில். காலமை சந்திக்கு பஸ் வரும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. அப்பா மறிச்சுக்கட்டிப் பக்கம் கூலிவேலைக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டையில் பரீட்சைச் சுட்டெண் துண்டைக் குத்தி, நெற்றியில் திருநீறும் பூசிவிட்டா. சந்திக்குப் புறப்படத்தான் இருந்தோம்.

பஸ் வரவில்லை. ஒழுங்கைக்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை வான் வந்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பு.

முன்வீட்டுப் படலை சாத்தப்படும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அடுத்த வீடு. முற்றத்தில் துள்ளிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளையை அவளுடைய தாய் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்ததைக் கண்டேன். அடுத்த கணம் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் ஓடினா. அங்கே சண்டைக்காலத்துப் பங்கர்க் குழி ஒன்று பாதி தூர்ந்து கிடந்தது. அதற்குள் என்னை இறக்கி, மேலே தகரத்தை இழுத்துப் போட்டா.

"மூச்சு விடாத. ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்காத."

வெள்ளைச் சட்டையில் மண் பட்டுவிடுமே என்று நான் கைகளை அகட்டிக் குந்தியிருந்தேன். வான் எங்கள் வாசலில் நின்றது. கதவு இழுபடும் சத்தம்.

"அக்கா, தம்பி எங்க? நேரமாகுது."

ரீச்சரின் குரல். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கிறா.

"அவனில்லை," என்றா அம்மா.

"இல்லையெண்டால்? இண்டைக்குச் சோதினையெல்லோ!"

"தகப்பனோட போட்டான்."

"அக்கா, பஸ் பழுதாப்போச்சு. வலயத்தால அவசரத்துக்கு இந்த வானைத்தான் பிடிச்சு அனுப்பினவை. நான் வந்திருக்கிறன்தானே, என்னை நம்பமாட்டியளோ?"

"உங்களையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கினம் ரீச்சர். உங்களுக்கு என்ன தெரியும்."

சாரதி இறங்கியிருக்க வேண்டும். சற்று வயதான குரல் ஒன்று கேட்டது. "இஞ்ச பாருங்கோ தங்கச்சி, எனக்கு மூண்டு குமர்ப்பிள்ளையள். அதுகளுக்கே சோறு போட வழியில்லாமத் திரியிறன். உங்கட பிள்ளையையும் கொண்டுபோய் நான் என்னத்தைக் குடுக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. வானின் இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. அம்மா மறுத்தால் ஒழுங்கையில் மற்றப் படலைகளும் திறக்காது. அது எனக்கே தெரிந்தது. தகரத்தின் ஓட்டையால் வந்த வெயில் சுட்டெண்ணில் விழுந்தது. இந்த வானும் அண்ணாவின் வான் போல என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்ததும் கத்திவிட்டேன்.

"நான் இஞ்ச இருக்கிறன் ரீச்சர்!"

மேலே காலடிகள் ஓடிவந்தன. தகரம் விலகியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அடிக்கப்போகிறா என்று கண்ணை மூடினேன். அவ அடிக்கவில்லை. என்னை வெளியே தூக்கி, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் தட்டினா. தட்டியது அடி மாதிரித்தான் விழுந்தது.

"நானும் வாறன்," என்றா சாரதியிடம். "கதவு சாத்தக்கூடாது."

"பொலிசு பிடிக்கும் தங்கச்சி."

"பிடிக்கட்டும். சாத்தினால் நாங்கள் இறங்கிடுவம்."

அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுப் படலை திறந்தது. பிறகு மற்றவை. பிள்ளைகளோடு தாய்மாரும் ஏறினார்கள். அம்மா கதவோரத்தில் குந்தி, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் வலது மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டா. திறந்த கதவால் குளக்கட்டுப் புழுதி முழுவதும் உள்ளே வந்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மண்நிறமாகின. வான் வேகம் எடுக்கும்போதெல்லாம் "மெல்ல, மெல்ல" என்று தாய்மார் கத்த, ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடித்தா.

"உன்ர அம்மாவாலதான் பிந்தப்போறம்," என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை என் காதுக்குள் சீறினாள். "ஏன், உன்ர அம்மாவும்தானே மெல்ல மெல்ல எண்டு கத்துறா?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே கோபம்தான்.

மண்டபக் கதவு மூடப்போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அப்போதும் அம்மா கையை விடவில்லை. ரீச்சர்தான் விரல் விரலாகப் பிரித்து என்னை உள்ளே அனுப்பினா. பென்சிலைப் பிடிக்கிறேன், நிற்கவில்லை. அம்மா பிடித்த பிடியில் கை விறைத்துப் போயிருந்தது. முதல் கேள்விகளை இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துத்தான் எழுதினேன்.

வெளியே வந்தபோது மற்றத் தாய்மார் எல்லாம் மரநிழலில் இருந்தார்கள். அம்மா வெயிலில் வாசலோடு நின்றுகொண்டிருந்தா. அவவுக்கு முன்பே பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து, தன் மகளிடம் கணக்கு லேசோ, கட்டுரை எழுதினியோ என்று கேட்டா. அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்க் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டா.

"உள்ளுக்கு உன்ர வயசை ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"எல்லாரும் ஒரே வகுப்புத்தானேம்மா. ஏன் கேக்கினம்?"

அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா.

அண்ணாவைத் தேடி வானில் வந்தவர்கள் முதலில் கேட்டது அவருடைய வயதைத்தானாம். அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறா; அதைக் கேட்ட பிறகுதான் அவரை ஏற்றிக்கொண்டு போனார்களாம். பெரியம்மா இதைச் சொன்னது எனக்கு மீசை வளர்ந்த பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மற்றப் பிள்ளைகளின் தாய்மார் சோதினையைப் பற்றிக் கேட்கிறார்கள், படிக்காத என் அம்மாவுக்கு மட்டும் என்ன கேட்பதென்றுகூடத் தெரியவில்லை என்பதுதான். அந்த வெட்கத்தில், வீடு வந்து சேரும்வரை நான் அவவோடு கதைக்கவில்லை.